லாஞ்சின் மடி

ஆற்றைக் கடக்கும் லாஞ்சுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். முப்பது வருஷமாக இதே பிழைப்பு. கல்கத்தா வெயிலில் இரும்புத் தகட்டின் மேல் மண்டி போட்டுப் போட்டு என் முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன.

லாஞ்சின் அடிக்கூட்டை வங்காளிகள் ‘கோல்’ என்பார்கள். அந்தக் ‘கோ’வை நெஞ்சிலிருந்து மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். நம் நாக்குக்கு அது எங்கே வருகிறது? மூச்சில்லாமல் சொன்னால் மடி என்று அர்த்தமாகிவிடும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முப்பது வருஷமாக லாஞ்சு லாஞ்சாக ஏறி, “மடியைக் காட்டு” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். படகுக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

சிரிக்கட்டும். ஏறுகிறவர்கள் யாரும் பார்க்காத இடம் அது. கீழ்த்தளத்துத் தகட்டுக்கு அடியில், குறுக்குச் சுவர்கள் வைத்து அடிக்கூட்டை ஐந்து அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற நாலும் லாஞ்சை மிதக்க வைக்கும். அதனால் அந்தச் சுவர்களில் ஊசி நுழையவும் இடம் இருக்கக் கூடாது. மேல்தளம் மெல்லிய தூண்களில் நிற்பது. நம் ஜனங்களோ கரை தெரிந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள், லாஞ்சு சாயும். அந்த நேரம் பார்த்து அடியில் தண்ணீர் கிடந்தால் அதுவும் அந்தப் பக்கமே ஓடும். அப்புறம் கடவுள் விட்ட வழி.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள். அன்றைக்கு அது நாலாவது லாஞ்சு. ஹௌராப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மனைவி தினமும் போய்வருவது அதில்தான். இரண்டு அறைகளின் மூடிகளை மட்டும் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். உள்ளே உலர்ந்திருந்தது. போதுமடா சாமி என்று பேனாவை எடுத்தேன். லாஞ்சை ஓட்டும் சாரெங் வங்காளியில் கிண்டலாகக் கேட்டான்.

“என்ன சார், மூணாவது மடியப் பாக்கலையா? கோவிச்சுக்கப் போகுது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் சிரிப்பை அடக்கவே இறங்கினேன்.

மூன்றாவது அறையின் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஏதோ குழாய் விட வெட்டியிருக்கிறார்கள். குழாயை எடுத்தபின் கந்தைத் துணியை அடைத்திருக்கிறார்கள். தொட்டதும் துணி மக்கிப் பிய்ந்து கையோடு வந்தது.

மேலே வந்து, லாஞ்சு ஓடக் கூடாது என்று எழுதினேன். சாரெங்கின் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் வந்தே ஆறு மாசம்தான் சார். அதுக்கு முன்னாடி நடந்தது எனக்குத் தெரியாது.”

மறுநாள் என் மனைவி பஸ்ஸில் நசுங்கி, பள்ளிக்குத் தாமதமாகப் போய், ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லேக் மார்க்கெட்டில் வாங்கின கறிவேப்பிலையை மேஜையில் எறிந்தாள்.

“நிறுத்தறதுக்கு வேற லாஞ்சே கெடைக்கலையா உங்களுக்கு?”

ஓட்டையைச் சொன்னேன். துணி மக்கியிருந்ததையும் சொன்னேன். அவள் கோபம் இறங்கிவிட்டது. காற்று வருமென்று தினமும் மேல்தளத்தில்தான் நிற்பாள். கறிவேப்பிலையை எடுத்து உருவ ஆரம்பித்தவள், பாதியில் நிமிர்ந்தாள்.

“மக்கிப்போற அளவுக்குன்னா ரொம்ப நாளா இருந்திருக்கு. போன வருஷம் யாரு பாத்துக் கையெழுத்துப் போட்டா?”

“போட்டது நான்தான்,” என்றேன். “பாக்கலை.”