புழுக்காரரின் கீழ்த்தட்டு

மாடி வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இறந்தவரை "இயற்கையின் காதலர்" என்றார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரை வாயில் கவிழ்த்து அதை மறைத்துக்கொண்டாள்.

அப்பா தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். பட்டறைக்கு விடுமுறை என்றால் ஏரியில் தூண்டில் போடுவார். இயற்கையோடு அவருக்கு இருந்த காதல் அவ்வளவுதான்: அதில் ஒன்றைக் கொக்கியில் மாட்டி இன்னொன்றைப் பிடிப்பது. தெருவில் அவருக்குப் பெயர் புழுக்காரர். மண்புழுவை அவர் தொடமாட்டார். மண்புழு மாட்டுகிறவர்களை மனிதர்களாகவே மதித்ததில்லை. "கையால தோண்டினா வருது. அதுக்கு எதுக்கு மூளை?" என்பார்.

அவர் தேடியது வேறு. ஏரிக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் பூச்செடி மண்டிக் கிடக்கும். அதன் தண்டுக்குள் அந்துப்பூச்சி ஒன்றின் புழு வாழும். செடியைப் போலவே அதுவும் அந்தக் கரைக்குச் சொந்தம். வேறெங்கிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. குட்டிப் புழுவாகத் துளைத்து நுழையும். பஞ்சு போன்ற நடுப்பகுதியைத் தின்றுகொண்டே வளரும். வளர்ந்ததும் வெளியேற வழி குடைந்து, தண்டின் மேல்தோலை மட்டும் தாள் கனத்துக்கு விட்டுவைக்கும். பூ உதிர்ந்து தண்டு காய்ந்தாலும் உள்ளேயே தூங்கும். சூடு ஏறினால் பூச்சியாகி, அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய்விடும்.

அப்பாவுக்கு அந்தத் தாள்தான் வாசற்கதவு. காய்ந்த தண்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் லேசாக அமுங்கினால், "ஆள் இருக்கு" என்பார். தேய்ந்த ரம்பப் பிளேடில் செய்த கத்தியை அதற்குச் சற்று மேலே வைத்துப் பிளப்பார். புழு நசுங்காமல் உருண்டு விழும். உருளாமல் இறக்கை முளைத்துப் பறந்தால் அதற்கு அவர் வைத்த பெயர் 'வீணாப்போனவன்'.

வீணாய்ப் போகாமலிருக்கத்தான் தண்டுக் கட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கிவந்தார். கல்யாணமான நாள் முதல் அம்மா போட்ட சண்டையில் பாதி அந்தத் தட்டுக்காகத்தான்.

"திங்கிற பொருள் வைக்கிற இடத்துல புழுவக் கொண்டாந்து வைக்கிறீங்களே, கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

"அது பாட்டுக்குத் தூங்குது. நீ கத்தலன்னா இன்னும் நல்லாத் தூங்கும்."

"அப்ப என் தக்காளி எங்க தூங்குறது?"

"மேல் தட்டுல. தக்காளிக்கு என்ன மூட்டுவலியா, ஏற முடியாதா?"

பட்டறையில் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா சாய்ந்தார். அன்றிலிருந்து அம்மா ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. "ம்." "வேணாம்." அவ்வளவுதான். மகள் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். பொய் சொல்லும் மீட்டரைப் பிடிப்பது அவள் வேலை. அம்மாவிடமோ முள் அசையவே இல்லை. லீவை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அம்மா திட்டினால் போதும், ஊருக்குக் கிளம்பிவிடலாம். திட்டாத அம்மாவை விட்டுப் போகத் தைரியமில்லை.

இந்த அழகில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. அண்ணன் இருந்தவரை எட்டிப் பார்க்காதவள், இல்லாதபோது வீட்டையே தலையில் தூக்கிவைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்கு டீ போட வேண்டுமென்று கீழ்த்தட்டைக் காலி செய்து பால் பாக்கெட்டுகளை அடுக்கினாள். தண்டுக் கட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. "அண்ணன் தொட்டதாச்சே" என்று உருகி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், சூடான காற்று வரும் இடத்தில் பத்திரமாகச் செருகிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக்கு எல்லோரும் கூடினார்கள். வெயிலுக்காகத் திரையை இழுத்துவிட்டு, அப்பாவின் படத்துக்கு மேலே டியூப்லைட்டைப் போட்டிருந்தார்கள். மாடி வீட்டுக்காரர் காதலிலிருந்து மனிதநேயத்துக்கு நகர்ந்த நேரம், ஃப்ரிட்ஜ் பக்கமிருந்து வைக்கோல் நிறத்தில் ஒரு அந்துப்பூச்சி தத்தித் தத்தி வந்தது. டியூப்லைட்டில் மோதியது. பிறகு கீழே இறங்கி, படத்தில் அப்பாவின் காதருகே உட்கார்ந்தது.

"அண்ணன்," என்றாள் அத்தை. கை கூப்பினாள். "அண்ணன் வந்திருக்கார்."

நாற்காலிகள் நகர்ந்தன. எழுந்து நின்றார்கள். நின்ற கையோடு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். மாடி வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லப்போனால் அவர் பேச்சுக்கே பூச்சி கைதட்டியதுபோலத்தான் முகம் இருந்தது.

மகளின் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. ஃப்ரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டைப் பின்பக்கம் தள்ளும். அந்தச் சூட்டில் புழு எழுந்துவிட்டது. வந்தது அண்ணனல்ல, அத்தையின் அறிவுகெட்டதனம். ஆனால் அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிதற்றலில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தால்? அதைப் பிடுங்க மகளுக்குக் கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது பூச்சி வந்தது. பின்னாலேயே மூன்றாவது.

"ஏம்மா," என்றாள் அம்மா அத்தையைப் பார்த்து, "உனக்கு எத்தனை அண்ணன்?"

தூக்கிய போன்கள் இறங்கின.

"அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க. அண்ணன் ஆசையா..."

"அவர் ஆசையா வந்திருந்தா, கீழ்த்தட்ட யாரு காலி பண்ணதுன்னு முதல்ல உன் காதைத் திருகியிருப்பார். இதுங்க வீணாப்போனவனுங்க. அவர் வாயாலயே சொல்லுவார். இதுக்குப் போய் எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க. உக்காருங்க, டீ ஆறுது."

உட்கார்ந்தார்கள்.

அம்மா எழுந்து திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தாள். தோள் துண்டால் மூன்றையும் விரட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பால் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாசலில் வந்து நின்ற மாடி வீட்டுக்காரரின் கையில் அடுக்கினாள். அவரும் வாங்கிக்கொண்டார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து தண்டுக் கட்டை உருவித் தரையில் பிரித்தாள். கிழிந்த தண்டுகளை ஒதுக்கினாள். மற்றவற்றைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஆள் இருக்கு," என்றாள்.

செய்தித்தாளில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தாள். அப்படியே குனிந்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. மகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னடி பாக்குற?" அம்மா முகத்தைத் திருப்பவில்லை. "கதவ மூடு. குளிரு போகுது."