பதினேழாம் வரிசைக் கையெழுத்து

அற்புதராஜ் சாரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓசூர் அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. இன்று முப்பத்தொரு தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறோம். எப்படி வளர்ந்தீர்கள் என்று கேட்டால் அவர் உழைப்பு என்பார். நான் கோப்பு என்பேன். கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள் நான்தான், பெயர் அனிட்டா.

சார் ஜூஜுவாடிக்காரர். ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்துவிட்டு இதைத் தொடங்கினார். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஒரே மூச்சில் மூன்றும் வரும். மிஷினுக்குள் கை விடாதே என்பதை மூன்று பாஷையிலும் திட்டாகவே சொல்வார். வகுப்பில் ஒருவரும் தூங்க முடியாது. ஆரம்பத்தில் வந்த வேலையெல்லாம் அந்த வாய்க்காக வந்ததுதான்.

பிறகு ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் வகுப்புக்கு நாலைந்து பேர், அப்புறம் பாதி, அப்புறம் கிட்டத்தட்ட எல்லாருமே. சார் அதே மூன்று பாஷையில் பேசுவார். "புரிஞ்சுதா?" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் வருகைப் பட்டியலை நீட்டுவேன், கையெழுத்துப் போடுவார்கள். ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று சார் ஒரு மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஆடிட்ல லிஸ்ட்டத்தான் கேக்கறாங்க சார், பாஷைய யாரு கேக்கறா?" என்றார் அவர்.

சார் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கடையில் விற்றதே அந்தச் சுரைக்காய்தான், நன்றாகவும் விற்றது.

போன வருடம் குருபரப்பள்ளிப் பக்கம் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில், ஒடிசாக்காரர் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. மாட்டிக்கொண்ட தகட்டை, மிஷினை நிறுத்தாமலே எடுக்கப் போயிருக்கிறார். கம்பெனி விசாரணை வைத்தது. பயிற்சி கொடுக்கவில்லை என்றால் தப்பு கம்பெனியுடையது. கொடுத்திருந்தால் அவருடைய கவனக்குறைவு, வேலை போகும். எங்களைக் கூப்பிட்டார்கள். கோப்போடு நானும் போனேன்.

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரணை முழுக்கத் தமிழில் நடந்தது.

"இவருக்கு டிரெய்னிங் குடுத்தீங்களா சார்?" என்று எச்.ஆர். மேனேஜர் தினேஷ்குமார் கேட்டார்.

நான் பட்டியலைத் திறந்து பதினேழாம் வரிசையைக் காட்டினேன். கையெழுத்து ஒடியாவில் இருந்தது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"குடுத்தோம். கையெழுத்துப் போட்டிருக்காருங்க," என்றார் சார்.

"புரிஞ்சுதான் போட்டாருங்களா?"

சார் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் இருக்கிற கம்பெனியெல்லாம் போய்விடும் என்றும் நினைத்தேன். எதை விரும்பினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

"தலையாட்டினாருங்க," என்றார் சார்.

மேனேஜர் எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நாங்கள் காருக்கு வரும்போது அந்த மனிதர் பின்னாலேயே வந்தார். இத்தனை பேரில் தனக்காகப் பேச ஒருவராவது வந்தாரே என்று நினைத்திருக்க வேண்டும். இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சாருக்கு வணக்கம் வைத்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. சாரும் பதிலுக்கு வணக்கம் வைத்தார்.

சூளகிரி தாண்டியதும், "அவனுக்காகத்தான் பேசினேன்னு நெனச்சிட்டாம்மா," என்றார் சார்.

"ஆமாங்க சார்," என்றேன்.

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் எடுத்தது.

அடுத்த வாரம் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் அந்தக் கம்பெனி, எங்கள் ரெக்கார்டு சுத்தமாக இருந்ததாகப் பாராட்டி, மற்ற இரண்டு யூனிட்டுகளையும் எங்களிடமே கொடுத்தது. கோட்டேஷனை நான்தான் டைப் செய்தேன்.