பக்கத்துச் சக்கரத்திலும் கோர்த்த செயின்

போன வருடம் மேற்கிலிருந்து புழுதியோடு கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்முனையில் எங்கள் பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள வீதியில் நடந்தது இது. அன்று என்னால் ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சு நின்றிருக்கும். நிற்கவில்லை என்பதால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. ஆனால் சிரிப்போடு முடிந்துவிடுகிற கதையும் அல்ல.

நான் ஓய்வு பெற்ற தபாலதிபர். ஊரில் எல்லாருக்கும் நான் 'மாஸ்டர்'. முப்பது வருடத்துக்கு மேல் பதிவுத் தபால்களையும் முத்திரைப் பெட்டியையும் பூட்டிப் பூட்டியே பழகிய கை இது. பூட்டிய பிறகு இழுத்துப் பார்க்கும், இழுத்துப் பார்த்ததை மறந்து திரும்பவும் போய் இழுத்துப் பார்க்கும். என்னிடம் சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. இருபது வருடத்துப் பழசு, ஆனால் நேற்று வாங்கியது போல வைத்திருக்கிறேன். சந்தைக்கு முன்னால் நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் பட்டப்பகலில் களவு போனதிலிருந்து எனக்கு நித்திரை கெட்டுப்போனது. ஹேண்டிலுக்கு இருந்த லொக் போதாதென்று முன் சக்கரத்துக்கு ஒரு செயினும் பூட்டும் வாங்கினேன். போதாதென்று எங்கே நிறுத்தினாலும் பெற்றோல் குழாயை மூடினேன். அதுவும் போதாதென்று ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி ஒரு பொலித்தீன் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

இந்த விசயம் ஊரில் பரவிவிட்டது. தேநீர்க் கடையில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "மாஸ்டர்ட மோட்டசைக்கிளுக்கு நாலு மத்ஹபும் இரிக்கி. கள்ளன் எந்த மத்ஹபுல வந்தாலும் தப்ப ஏலா." மார்க்கச் சட்டத்தில் நாலு மத்ஹபு, நாலு வழிமுறைகள், உண்டு; என் பூட்டும் நாலு என்பதால் அன்றிலிருந்து அதற்கு 'நாலு மத்ஹப்' என்றே பெயர். வீட்டில் என் மனைவி, வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற மனிசன் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் நாலு பூட்டுப் போடுகிறார் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் பூட்டுவதை விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் எங்கள் வீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மூன்று வரிசையில் நிற்கும். முதலில் வந்தவரின் வண்டி சுவரோடு, கடைசியில் வந்தவரின் வண்டி வெளியே. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளி வரிசையில் விடுகிறவர் ஹேண்டிலைப் பூட்டக்கூடாது, கியரை நியூட்ரலில் விட்டுப் போகவேண்டும். உள்ளே நிற்கும் வண்டிக்காரர் முதலில் வெளியே வந்தால் தள்ளி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

நான் எப்போதும் நேரத்தோடு போய் சுவரோரம் இடம் பிடிப்பவன். அன்று செயின் பூட்டின் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, தேடுவதில் நேரம் போய்விட்டது. வெளி வரிசையில்தான் இடம் கிடைத்தது. வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. ஹேண்டிலைப் பூட்டினேன். செயினை எடுத்தபோது ஒரு யோசனை வந்தது. என் வண்டியைத் தனியே பூட்டினால் நாலு பேர் தூக்கி லொறியில் போட்டுக்கொண்டு போகலாம். உள் வரிசையில் ஒட்டி நிற்கும் பக்கத்து வண்டியின் சக்கரத்தையும் சேர்த்துக் கோர்த்துவிட்டால் இரண்டையும் சேர்த்து எந்தக் கள்ளன் தூக்குவான்? பக்கத்து வண்டிக்காரருக்கும் பாதுகாப்பு, எனக்கும் நன்மை எழுதப்படும். இப்படி நினைத்துக்கொண்டு இரண்டு சக்கரத்தையும் கோர்த்துப் பூட்டிவிட்டு, தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வந்து திறந்துவிடலாம் என்று உள்ளே போனேன். எப்படியோ நெருக்கிக்கொண்டு முதல் ஸஃப்பிலும், இமாமுக்கு நேர் முன்னால் உள்ள தொழுகை வரிசையில், உட்கார்ந்துவிட்டேன்.

தொழுகைக்கு முன் இமாம் செய்யும் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது. குத்பா நேரத்தில் யாரும் கதைக்கக்கூடாது. கதைக்கிறவரைப் பார்த்து "கதைக்காதீங்க" என்று சொல்வதும் கதைத்ததாகவே ஆகும். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் இமாமின் குரலும் மின்விசிறிச் சத்தமும் மட்டும்தான்.

பாதிக் குத்பாவில் ஓர் இளைஞர் ஸஃப்களின் ஓரமாகக் குனிந்து குனிந்து நடந்து வருவதைக் கண்டேன். பிறகுதான் தெரிந்தது, ஹார்ட்வெயார் கடை ஒன்றுக்கு அண்மையில் வேலைக்கு வந்தவர், என்னைத் தெரியும் என்றாலும் என் வண்டியைத் தெரியாதவர், என் வண்டிக்குப் பக்கத்து வண்டிக்காரர். ஒவ்வொரு வரிசையிலும் நின்று கையால் திறப்புத் திருகுவது போலக் காட்டினார். பிறகு வீதிப் பக்கம் கையை நீட்டினார். சிலர் தங்கள் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். கடைசியில் முதல் ஸஃப்புக்கும் வந்து எனக்கு முன்னால் நின்று அதே போலக் காட்டினார்.

என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. எழும்பினால் முதல் ஸஃப் இடம் போய்விடும், இத்தனை பேருக்கு முன்னால் 'நாலு மத்ஹப்' மாஸ்டர் எழும்பிப் போவதைக் கண்டு சிரிப்பார்கள், இன்னும் பத்து நிமிடம்தானே, பொறுக்கட்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வலது கையைச் சட்டைப் பைக்கு மேல் வைத்துக்கொண்டேன். திறப்பு அந்தப் பைக்குள்தான் இருந்தது. அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பார்க்காமல் இருந்ததுதான் நான் செய்த காரியம்.

கண்ணைத் திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அதன் பிறகு இமாம் என்ன சொன்னார் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்தால் செயினைச் சுற்றி ஒரு கூட்டம். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. ரெண்டு பேருக்கும் நிக்காஹ் முடிஞ்சிட்டு, இனிப் பிரிக்க ஏலா என்று ஒருவர் சொல்ல, மாப்பிள்ளை சிவப்பா, பொண்ணு சிவப்பா என்று இன்னொருவர் கேட்டார். நானும் அசட்டுச் சிரிப்போடு திறப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

வீதிக்கு எதிர்ப்பக்கத்தில் தம்பிலி விற்கும் ஒருவர் இருப்பார். பக்கத்துப் பாண்டிருப்புக்காரர், தமிழர், பள்ளிக்குள் தொழப் போகிறவர் அல்ல, ஐம்பது வயதிருக்கும். அந்த மஞ்சள் இளநீர்க் குலைகளை ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அவர் எழும்பி வந்து கேட்டார்: "இந்தப் பூட்டுப் போட்ட ஆள் ஆரு?"

நான்தான் என்றேன்.

"அந்தத் தம்பிட மகளுக்கு முட்டு வந்து மூச்செடுக்க ஏலாமக் கிடக்காம். பொண்சாதி போன் எடுத்திருக்கு. என்ட மோட்டசைக்கிளக் குடுத்து அனுப்பினன்."

சிரிப்பு ஒரே அடியாக நின்றுவிட்டது.

அவர் சொல்லித்தான் மீதி எல்லாம் தெரிந்தது. பிள்ளைக்கு நாலு வயது. கச்சான் காற்றின் புழுதிக்கு முட்டு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. ஜும்ஆ நேரத்தில் எங்கள் ஊரில் ஆட்டோ பிடிக்கிற கதை நடக்காது, ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பள்ளிக்குள் இருப்பார்கள். பையில் அதிர்ந்த போனைப் பார்த்துவிட்டு இளைஞர் வெளியே ஓடி வந்திருக்கிறார். வெளி வரிசை வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறார், அசையவில்லை. குனிந்து பார்த்தால் தன் சக்கரத்திலும் செயின். உள்ளே போய்க் கையால் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், வண்டியின் இருக்கையில் தலையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த வீதியில் வாய் திறந்து கதைக்கக் கூடியவராக இருந்தவர் தம்பிலிக்காரர் ஒருவர்தான். அவர்தான் என்ன என்று கேட்டிருக்கிறார். கேட்டதும் இறக்கிய குலைகளை அப்படியே விட்டுவிட்டுத் தன் வண்டியை வீதிப் பக்கம் திருப்பி அவரிடம் கொடுத்திருக்கிறார். "திறப்பு அதிலதான் கிடக்கு. அது எப்பவும் அதிலதான் கிடக்கும். பிரேக்தான் கொஞ்சம் கொறவு, பாத்துப் போ தம்பி எண்டு சொன்னன்" என்றார் என்னிடம்.

குனிந்து செயினைத் திறக்கப் போனேன். பூட்டின் துவாரத்துக்குள் திறப்புப் போகவில்லை. பக்கத்தில் நின்றவர் வாங்கித் திறந்துவிட்டார். தம்பிலிக்காரருக்குத் தன் வண்டி வேண்டும், எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கவேண்டும். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்று கிக்கரை மிதித்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. பத்துத் தரம் மிதித்திருப்பேன், வேர்த்துக் கொட்டியது. ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. யாரோ ஒருவர் மெதுவாக, "பெற்றோல், மாஸ்டர்" என்றார். குழாயைத் திறந்தேன். பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. பைக்குள் இருந்த பொலித்தீன் துண்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தம்பிலிக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கி, குந்தியிருந்து பிளக்கில் பொருத்திக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், கள்ளன விடுங்க. இத உங்களாலயும் கொண்டு போக ஏலாது."

ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய வண்டி நின்றது. அவசரத்தில் இறக்க மறந்த ஒரு தம்பிலிக் குலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. திறப்பும் அதிலேயே கிடந்தது. அவர் ஒரு காயை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தார்.

பிள்ளை தாயின் மடியில் இருந்தது. மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை வரும் மூடி. நெஞ்சு ஏறி இறங்குவது எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. ஆனால் கண் எங்களைப் பார்த்தது, தம்பிலியையும் பார்த்தது. நேரத்தோடு கொண்டு வந்துவிட்டீர்கள், பயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

இளைஞர் என்னைக் கண்டதும் எழும்பி எனக்கு இடம் தந்தார். தம்பிலிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "நீங்களும் வந்தீங்களா மாஸ்டர். பள்ளிக்குள்ள நான் உங்களுக்கு முன்னால வந்து நிண்ட நேரம் நீங்க கண்ண மூடி, நெஞ்சில கைய வெச்சி இருந்தீங்க. என்ட முகத்தப் பாத்துத்தான் புள்ளைக்கு துஆ கேக்குறீங்க எண்டு நெனச்சன். அதுலதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது."

அதைப் பிரார்த்தனை என்றே விட்டிருக்கலாம். அவருக்கு நான் நல்லவன். தம்பிலிக்காரரும் வாய் திறக்கவில்லை. பூட்டியது யார் என்பதை என் வாயால் வரட்டும் என்று விட்டிருப்பார் போல. வரும் வழியெல்லாம் எதையெதையோ கதைத்தவர் அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தம்பி. செயின் என்டதான். நெஞ்சில கைய வெச்சது திறப்ப மறைக்க" என்றேன்.

இளைஞர் நிலத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி என் பக்கம் திரும்பாமலேயே பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "மோட்டசைக்கிள் பத்திரமா இரிக்கா மாமா?"

எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். தபால் பிந்தியதற்கு ஒருவர் என் சட்டையைப் பிடித்திருக்கிறார். அந்த ஒரு கேள்வியைப் போல எதுவும் என்னைச் சுடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இளைஞர் தன் பைக்குள் கையை விட்டு அவருடைய வண்டியின் திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். வீதியில் நிற்கிறது, கொண்டு வந்து தரமுடியுமா என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. நான் தம்பிலிக்காரரின் வண்டியில் பின்னால் ஏறிப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, பூட்டாமல் அதன் பக்கத்திலேயே காவல் நின்றேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் புறப்படும்வரை நின்றேன். போகும்போது பிள்ளை கையை ஆட்டியது. தாயும் "வாறம் மாமா" என்றார். அந்த 'மாமா' முந்தியதை விடக் கொஞ்சம் மென்மையாக இருந்தது.

அடுத்த வாரம் இமாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உயிருக்கு ஆபத்தென்றால் குத்பா நேரத்திலும் வாய் திறந்து கேட்கலாம், எழும்பிப் போகலாம், அந்தத் தம்பிக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம் என்றார். எனக்குத் தெரியும், எத்தனையோ மார்க்கக் கிதாபுகளில் படித்திருக்கிறேன் என்பதையும் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது.

கள்ளர் பயம் இன்னும் போகவில்லை. ஊரில் களவும் நிற்கவில்லை. ஆனால் நாங்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமைகளில் வெளி வரிசைக்காரர்கள் ஹேண்டிலைப் பூட்டாமல் திறப்பைத் தம்பிலிக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம். அவர் அவற்றைக் காய் அறுத்து முடிந்த குலையின் காம்புகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார். தொழுகை முடிந்து வந்தால் குலை நிறையத் திறப்புக் காய்த்திருக்கும். தன் மரத்தில் ஹொண்டாவும் காய்க்கும், யமஹாவும் காய்க்கும் என்று சொல்லிக்கொண்டே பறித்துப் பறித்துத் தருவார். இதுவரை ஒரு வண்டியும் போகவில்லை, ஒருவருக்கும் வழி அடைபடவுமில்லை. ஊரில் அந்த இளைஞர் என்னைக் கண்டால் நின்று கதைத்துவிட்டுத்தான் போகிறார்.

அன்று நான் தன் பிள்ளைக்காக துஆ கேட்கிறேன் என்று அவர் நினைத்தது பிழை. ஒவ்வொரு ஜும்ஆவிலும் கண்ணை மூடும்போது அந்தப் பிள்ளையைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன், பிந்தியாவது அவர் நினைத்தது சரியாகட்டும் என்று.