காப்பு அவிழாத தெரு

மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த முதல் நாள் மாலையே, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை மோதுகிற சத்தத்தைக் கேட்டேன். தலைதான் என்று உடனே தெரிந்துவிட்டது. நான் மன்னார்க்காரி. போர் முடிகிற காலத்தில் பிள்ளையாகப் பங்கர்க் குழிக்குள் பதுங்கிக் கிடந்தவள். எது எதில் மோதினால் என்ன சத்தம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியைக்கூடத் திறக்காமல் வெளியே ஓடினேன்.

தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எதிர்வீட்டுக்காரர் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த வீட்டிலும் கூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க மலையாள சீரியலின் அழுகைதான் கேட்டது. எங்கள் கன்னியர் மடத்து மதர் வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் கஞ்சிக்கு முன்னால் உட்கார வைத்தார்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வார்த்தைப்பாடு கொடுத்து ஒரு வருடம்கூட ஆகாத கன்னியாஸ்திரி. கொச்சியில் தமிழ்ச் சனம் இருக்கிறது, பாட்டன் காலத்தில் நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்த இந்துக் குடும்பங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடு, பெரியவர்களோடு பழகு, உனக்கென்ன, அதே மொழிதானே என்று சொல்லிக் கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். அதே மொழியாம்! ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் பிள்ளைகள் கண்ணை மூடி தியானம் செய்து காட்டிச் சிரித்தார்கள். அவர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை.

விளங்காதது மொழி மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். தண்ணீர் லாரி வந்தால் பெண்கள் குடத்தால் ஒருத்தியை ஒருத்தி அடிப்பார்கள். ஒருநாள் ஒருத்தியின் காது கம்மலோடு கிழிந்து தொங்கியது. கிழித்தவளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தாள். மாலையில் இருவரும் ஒரே படியில் உட்கார்ந்து சாயா குடித்தார்கள். எங்கள் ஊரில் அடித்தவன் போய்விடுவான், அல்லது செத்தவன் போய்விடுவான். அடித்துவிட்டு அங்கேயே சேர்ந்து குடியிருக்கிற வித்தையை நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்து அக்கா விடியற்காலையில் சந்தை ரோட்டைக் கூட்டுகிறவள். முன்பல் ஒன்று கிடையாது. புருஷன் பஜார் கிடங்குகளில் மிளகு மூட்டை சுமப்பவன். தெருவில் என்னைக் கண்டால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டு "நமஸ்காரம் சிஸ்டரே" என்பான். அவ்வளவு மரியாதை. ஒருநாள் காலை சாயாக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் அவனிடம் போய் நின்றேன்.

"இனி அக்காவில கை வைச்சா நான் பொலிசுக்குப் போவன்."

"சரி சிஸ்டரே" என்று கும்பிட்டான்.

அன்று மாலை அவள் குரல் கேட்கவில்லை. மூட்டைக் கயிற்றால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் காதுக்கு எட்டக்கூடாது என்று வாயில் துணியை அடைத்திருக்கிறான். மறுநாள் அவள் ஒரு கண் மூடிப்போன முகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்து துடைப்பத்தைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"நான் உன்னை விளிச்சேனா? விளிக்காம எதுக்கு வந்தே? கத்துனாலாவது கொஞ்சம் சமாதானம் கிட்டும். இப்ப அதும் போச்சு. உன் சேவை எனக்கு வேண்டா, கேட்டோ?"

நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இவன் ஒருநாள் இவளைக் கொன்றுவிடுவான், இந்தத் தெரு டிவி பார்த்துக்கொண்டிருக்கும் என்பது எனக்கு அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது. மதரிடம் சொன்னேன். காவல் நிலையத்துக்கு இதற்கு முன்பே போயிருக்கிறார்களாம். அவளே போய் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம்.

பிறகு மாரியம்மன் கோயிலில் கொடி ஏறியது. அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். என்ன நடக்கிறது என்று குழாயடியில் கேட்டேவிட்டேன். அவள் வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். மஞ்சள் தோய்த்த நூல் ஒன்று கட்டியிருந்தது.

"காப்பு. நேர்ச்சை வச்சவங்களுக்கு பூசாரி கட்டுவான். இது கையில கெடக்குற வரைக்கும் ஒருத்தனும் என்மேல கை ஓங்கக்கூடாது. நானும் ராத்திரி தெரு எல்லை தாண்டி தங்கக்கூடாது. தெருவுல யாரும் மீன் கூட்டிச் சோறு தின்னக்கூடாது, கள்ளும் தொடக்கூடாது. கடைசி நாள் எல்லார் காப்பையும் அவிழ்த்துட்டுத்தான் கொடி எறக்கும். வருஷா வருஷம் நான் கட்டுவேன். எனக்கு இதுதான் லீவு."

"அவிழ்த்த பிறகு?"

"பின்னே என்ன? அன்னைக்கு அவனுக்குப் பசி அதிகமா இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். போன வருடம் பல் போனது அந்த நாளில்தானாம். எனக்கு வந்த கோபத்தில், அந்தத் தெருவில் பிறந்த எவளும் கேட்கத் துணியாத ஒரு மடக்கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப அவிழ்க்காம விட்டா என்னக்கா?"

"அவிழ்க்காம விடுறதா? அப்படி ஒண்ணு கெடையாது, பெண்ணே. மாச வாடகை குடுக்காம விடுற மாதிரியா இது?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாலடி போனவள் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

கடைசி நாள் நண்பகல். கொடிமரத்தடியில் எல்லோரும் வரிசையாகக் கையை நீட்ட, பூசாரி அவிழ்த்துக்கொண்டே வந்தான். மற்ற நாட்களில் பள்ளுருத்தி பக்கம் ஆட்டோ ஓட்டுகிற இளைஞன் அவன். வீடுகளில் மீன் அப்போதே மசாலா தடவித் தயாராக இருந்தது. கோழிகள் கால் கட்டப்பட்டுக் கிடந்தன. ஆட்டோக்களின் சீட்டுக்கு அடியில் பாட்டில்கள் இருப்பது மதருக்குக்கூடத் தெரியும். அக்காவின் முறை வந்தது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு அவிழ்க்க வேண்டா."

முதலில் சிரித்தார்கள். அப்புறம் கெஞ்சினார்கள், அப்புறம் திட்டினார்கள். "என் புருஷன் தெருவை விட்டுப் போகட்டும், அவிழ்க்குறேன்" என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை. வலுக்கட்டாயமாக அவிழ்க்கலாம் என்றால் அவள்மேல் கை வைக்க வேண்டும். அது முடியாது. பசியும் தாகமுமாக நின்ற அத்தனை ஆண்களுக்கும் அடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. "அந்த சிலோன் சிஸ்டர் சொல்லிக் குடுத்தது" என்று யாரோ ஒருவன் சொன்னான். "மதம் மாத்த வந்தவ அம்மனுக்கே முடக்கு வைக்குறா" என்று இன்னொருவன்.

மதர் என்னை வீட்டுக்கு இழுத்துவந்தார், கூட்டமும் பின்னாலேயே வந்தது. முதல் கல் எங்கள் வாசல் விளக்கை உடைத்தது. இரண்டாவது என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் அந்தக் கல்லையே எடுத்து, எறிந்தவனைக் குறி பார்த்தேன். மதர் என் கையைப் பிடித்து முறுக்கியிராவிட்டால் அவன் மண்டை உடைந்திருக்கும். அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்து எனக்கு முன்னால் நின்று, நூல் கட்டிய கையைத் தூக்கினாள்.

"எறியுங்கடா இப்ப."

அவர்கள் கைகளிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அப்போதுதான் அவள் புருஷன் வந்தான். கொடி இறங்கும் முன்பே குடித்துவிட்டிருந்தான். கையில் இரும்புக் கம்பி. "நூலா பெரிசு?" என்று கேட்டுக்கொண்டே அவள் தூக்கியிருந்த அந்தக் கையில் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தமும் எனக்குத் தெரிந்த சத்தம்தான்.

காப்புக் கட்டிய கையில் அடி விழுந்துவிட்டது. தெருவே அவன்மேல் விழுந்தது. இத்தனை நாள் டிவி சத்தத்தைக் கூட்டிய அதே ஆட்கள் கம்பியைப் பிடுங்கி அவனையே அடித்தார்கள். செருப்பால், கொட்டு அடிக்கிற கோலால், கோழி கட்டிய கயிற்றால் அடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அவன் தலைமயிரைப் பற்றிச் சுவரில் மோதினார். அன்பைப் போதிக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். ஒரு கண்ணில் ரத்தத்தோடு நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இன்றும் அதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மதர்தான், ஒன்றையொன்று கடிக்கிற நாய்களைப் பிரிக்கிற மாதிரி, வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர்கள் தலையில் ஊற்றினார்.

அக்காவின் மணிக்கட்டு வீங்கி நூல் சதைக்குள் புதைந்துவிட்டது. விரல்கள் நீலமாகத் தொடங்கின. பூசாரி பிளேடை எடுத்தான். அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"இதை அறுத்தா கொடி எறங்கும். கொடி எறங்குனா நாளைக்கு இவன் எழுந்து வந்து என்னைக் கொல்லுவான். கை போனாப் போகட்டும்."

"உனக்காக வேற யாராவது இந்தக் காப்பை ஏத்துக்கிட்டா கொடி நிக்கும், உனக்கும் காவல் நிக்கும்" என்றான் பூசாரி. சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"எனக்குக் கட்டுங்கோ."

அவன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தான். "சிஸ்டரே, நீ நம்ம ஆளு இல்லையே."

"அவ என் ஆளு" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "கட்டுடா."

கட்டினான். அப்புறம்தான் அவளுடையதை அறுக்கவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மதர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் என் கையைத் தூக்கிப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். குளிக்கும்போது அந்த நூல் இற்றுப்போகாமல் பார்த்துக்கொள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஜெபிக்கப் போய்விட்டார்.

தெரு மீனில்லாமல் கிடந்தது. மட்டாஞ்சேரியில் மீனில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். என்மேல் கல்லெறிந்தவர்கள் காலையில் எங்கள் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். "இன்னைக்காவது அவிழ்க்குமோ, சிஸ்டரே?"

"அவர் போகட்டும், அவிழ்க்கிறன்."

அக்கா எங்களோடு தங்கியிருந்தாள். அவன் உடம்பெல்லாம் கட்டோடு அடுத்த வீட்டில் கிடந்தான். சுவரில் தட்டி, "நூல் எத்தனை நாள் தாங்கும்னு பாப்போம்" என்பான். நூல் நைந்துகொண்டுதான் இருந்தது. எனக்குப் பயம்தான். தூங்கும்போது அந்தக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கினேன். அது அறுந்தால் அக்கா செத்தாள்.

மனிதர்களின் நியாயத்தை விட நாக்குக்குப் பலம் அதிகம். ஒருநாள் பகலில் தெருக்காரர்களே வந்து அவனைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். துணிமணிகளைச் சாக்கில் திணித்தார்கள். ஃபோர்ட் கொச்சி ஜங்கார் படகுத்துறை வரை நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் அவன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அறை விழுந்ததாம். அக்கரையில் வைப்பினில் இருக்கிற அவன் தங்கை வீட்டுக்கு ஏற்றிவிட்டு வந்தார்கள். நான் கையை நீட்டினேன். பூசாரி அவிழ்த்தான். கொடி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எல்லா வீட்டிலும் மீன் பொரிகிற மணம். அக்கா இடது கையால் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மீன் கூட்டு பெண்ணே. மெலிஞ்சு போயிட்டே."

ஓணம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் திரும்பி வந்தான். தோளில் அதே சாக்கு. தெரு முனையில் நின்று தலைத்துண்டை அவிழ்த்தான். எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரம். யாரும் எழவில்லை. எதிர்வீட்டில் டிவியின் சத்தம் கூடியது. எல்லாம் பழையபடி ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

அக்கா வெளியே வந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை. அவள் கையில் தைக்கிற நூலும், அடுக்களை மஞ்சள் டப்பாவும் இருந்தன. நடுத்தெருவில் நின்று, எல்லோர் கண்முன்னாலும் மஞ்சளைக் குழைத்து நூலில் தேய்த்தாள். கோணலாகக் கூடியிருந்த அந்த மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள்.

"கட்டு சிஸ்டரே."

"பூசாரி வேண்டாமா அக்கா?"

"நீ கட்டு."

நூலை ஒரு சுற்றுச் சுற்றினேன். எதிர்வீட்டில் டிவி நின்றது. எதிர்வீட்டுக்காரர் பாதி தின்ற மீனைத் தட்டில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வெளியே வந்தார். அடுத்த வீட்டிலும் எழுந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் எழுந்தார்கள். நான் இரண்டாவது சுற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தெரு முனையில் யாரும் இல்லை.