முழிச்சதும் தரேன்

இது நடந்தது. நம்பாதவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டர் ரெஜிஸ்டரைக் காட்டுவேன். அதில் நேரம் இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

நான் மயக்க மருந்து டாக்டர். அறுக்கிறவரைத்தான் எல்லாரும் கும்பிடுவார்கள். தூங்க வைக்கிறவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. முதுகுக்குப் பின்னால் நர்ஸ்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை. பொருத்தமான பெயர்தான்.

அன்று ஏழு ஆபரேஷன். ஐந்தாவது ஒரு பெண் குழந்தை, வயது ஐந்து, டான்சில். சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு சிரப் கொடுப்போம். அரை மணியில் பயம் அடங்கி, அம்மா மடியிலேயே சொக்கிப்போய்விடுவார்கள். அந்த அரை மணி என்னிடம் இல்லை.

“சிரப் குடுத்துக் கொஞ்சம் காத்திருக்கலாமே சார்?” என்றார் மூத்த நர்ஸ்.

“வேண்டாம் சிஸ்டர். மாஸ்க் வெச்சா ரெண்டே நிமிஷம்.”

குழந்தை கத்தினாள். “அம்மா வரட்டும்!”

“அம்மா வந்துட்டே இருக்காங்க” என்று கூசாமல் புளுகினேன். பிறகு மற்றவர்களை அதட்டினேன். “கையைப் பிடி. காலைப் பிடி.” நான்கு பேர் அமுக்கினோம். மாஸ்க்கை வைத்தேன். மணி 1.12. அவள் நகம் என் மணிக்கட்டைக் கீறியது. அப்புறம் அடங்கிவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மணி 2.05. மயக்கம் தெளிகிற அறையில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். இப்படித் தூங்கப்போன பிள்ளைகள் விழிக்கும்போது அலறும், உதைக்கும். பெற்றவளையே அடையாளம் தெரியாது.

அவள் அலறவில்லை.

எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். காலிக் கட்டில்.

“கையைப் பிடி... காலைப் பிடி...”

காதில் விழுந்திருக்கும், சரி. ஆனால் அந்த அதட்டல்... அதுவும் என்னுடையது.

“வழி விடுங்க... எனக்கு ஆபரேஷனுக்கு நேரமாச்சு...”

இதை நான் அன்று சொல்லவே இல்லை.

“பீப்... பீப்...” என்று வாயாலேயே ஹார்ன் அடித்தாள்.

மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் குரல்.

“அந்த அண்ணாவோட மஞ்ச பஸ்ஸைக் குடுத்துடுங்க. முழிச்சதும் தரேன்னு சொன்னீங்களாம்.”

காலிக் கட்டிலின் விரிப்பு நடுவில் குழிந்திருந்தது.

அந்த மஞ்சள் பஸ் எனக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரி. ஆறு வயதுப் பையன், குடலிறக்கம். அங்கேயும் இதே அவசரம்தான். பொம்மை பஸ்ஸை விடமாட்டேன் என்றான். விரலைப் பிரித்துப் பிடுங்கி, “முழிச்சதும் தரேன்டா” என்றேன். பையில் போட்டவன் அப்படியே மறந்துபோனேன். மறுநாள் ஞாபகம் வந்தபோது அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். என் மனைவிக்குக்கூட அது தெரியாது.

நான்காம் நாள் காலை அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்தார்.

“டாக்டர், பொண்ணு தூங்கவே மாட்டேங்கிறா. கண்ணை மூடினா அமுக்குவாங்கன்னு அழறா. ஒரு பையன் வேற கட்டில்கிட்டயே நிக்கிறானாம். பஸ் கிடைக்கிற வரைக்கும் தூங்க விடமாட்டேங்கிறானாம். எங்க வீட்ல பஸ்ஸே கிடையாது டாக்டர்.”

மயக்க மருந்துக்கு அப்புறம் சில பிள்ளைகள் இப்படித்தான், இரண்டு வாரத்தில் சரியாகும் என்றேன். செய்தது நான். தூக்கம் தொலைத்தது அந்தப் பச்சைப்பிள்ளை.

பழைய ஆஸ்பத்திரியில் கேட்டு அந்தப் பையன் வீட்டு நம்பரை வாங்கினேன். மணி 11.20-க்குக் கூப்பிட்டேன். அவன் அம்மாதான் எடுத்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.



“அவன் போய்ப் பதினோரு வருஷமாச்சு சார். ஆபரேஷனுக்கு அப்புறம் தூங்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் காலைல, டாக்டர்கிட்ட பஸ்ஸை வாங்கிட்டு வரேன்னு யாருக்கும் தெரியாம கிளம்பிட்டான். உங்க ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்லயே... லாரி சார். ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும். கொஞ்ச நேரம் உயிர் இருந்துச்சாம். கூட்டம் கூடுச்சே தவிர ஒரு டாக்டரும் எட்டிப் பார்க்கலையாம்.”

அன்று மாலையே பஸ்ஸை அவர் கையில் கொடுத்தேன். என்னைத் திட்டக்கூட இல்லை. மறுநாள் குழந்தையின் அம்மா கூப்பிட்டார். அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாளாம்.

நான்தான் தூங்கவில்லை.

அந்தக் கூட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கீழே கிடப்பது யார் என்று நான் பார்க்கவில்லை. ஹார்னை விடாமல் அடித்தேன். கார்க் கண்ணாடியை இறக்கி, அந்த அதட்டல் குரலில் கத்தினேன்.

“வழி விடுங்க. எனக்கு ஆபரேஷனுக்கு நேரமாச்சு.”