இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து

செங்கோட்டையன் மின்விசிறியை அணைக்காமல் சாயத்தூளை எடை போட்டதே இல்லை. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். காற்று பட்டால் தராசுத் தட்டு ஆடும் என்பார். வேர்த்துக் கொட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண் நிற்கும்வரை அசையாமல் நிற்பார். சேவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கிணறு வற்றியதும் திருப்பூருக்கு வந்து, ஒரே சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இதே வேலை. நகக்கண்ணில் ஏறிய நீலம் தீபாவளிக்குக்கூடப் போகாது.

அவரை எனக்குத் தெரிந்ததே என் வேலையால்தான். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் பிரபாகர் என்பவர் நடத்திய சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். செங்கோட்டையன் வேலை செய்த பட்டறைக்கு, ஒவ்வொரு எடையையும் தாளில் அச்சடித்துத் தரும் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வந்தால் காட்டுவதற்காம். தராசோடு இணைக்கும் பெட்டியைச் செய்து கொடுத்தோம். உள்ளே இருந்த புரோகிராம் முழுக்க சி மொழியில் நான் எழுதியது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்பில் இடம் குறைவு. தசம எண்களை வைத்து வேலை செய்தால் தாங்காது. அதனால் 2.37 கிலோவை 237 என்று முழு எண்ணாகவே வைத்திருந்தேன். அச்சடிக்கும்போது நூறால் வகுத்தால் 2, மீதி 37. இரண்டையும் எழுத்துகளாக மாற்றி, நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். 2.37, 3.40, 12.75 என்று போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன. மீதி பத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 2.05 என்றால் மீதி 5. அதை 05 என்று இரண்டு எழுத்தாக மாற்றியிருக்க வேண்டும். என் புரோகிராம் வெறும் 5 என்று மாற்றியது. தராசில் 2.05, தாளில் 2.5.

அந்தத் தாள்களை யாரும் படிக்கவில்லை. அச்சாகி நேராக ஃபைலுக்குப் போயின. ஆறு மாதம் கழித்து நீலச் சாயம் ஏற்றிய ஒரு லாட் துணி, நிறம் அடர்ந்துபோய்த் திரும்பி வந்தது. உண்மையான காரணம் தண்ணீராக இருக்கலாம், துணியாக இருக்கலாம். பட்டறை மேனேஜர் தண்டாயுதபாணி ஃபைலைப் பிரித்தார். போடச் சொன்னது 2.05, தாள் சொன்னது 2.5.

பெட்டியில் தாள் சுருள் மாற்றப் போயிருந்த நானும் அப்போது அங்கேதான் நின்றேன்.

"ரெண்டு பாயிண்ட் சீரோ அஞ்சுதானுங்க போட்டேன். கண்ணால பார்த்துத்தானுங்க போட்டேன்," என்றார் செங்கோட்டையன். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. பொட்டியில தப்பு வருமுங்களா?"

"வராதுங்க," என்றேன். அன்றைக்கு அதை உண்மை என்றுதான் நம்பினேன்.

"மெஷினு பொய் சொல்லாதுங்க," என்றார் மேனேஜர். "உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. இனி ஊட்டுல ரெஸ்ட் எடுங்க."

இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதனை வெளியே அனுப்ப எங்கள் ஊரில்தான் முடியும்.

இரண்டே மாதத்தில் வேறொரு பட்டறையிலிருந்து புகார் வந்தது. 1.08 என்பது 1.8 என்று வருகிறதாம். பத்து நிமிடத்தில் தப்பைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு வரி. பிரபாகரிடம் செங்கோட்டையனைப் பற்றிச் சொன்னேன்.

"வெளிய தெரிஞ்சா கம்பெனியே போயிருமுங்க. சத்தமில்லாம எல்லாப் பொட்டியவும் மாத்திட்டு வந்துருங்க," என்றார்.

மாற்றினேன். 'அப்கிரேடு' என்று பெயர் வைத்தேன். பிரபாகர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். அவர் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. அப்படியே மூன்று வருடம் ஓடியது. இந்த வருடம் அவர் கம்பெனியை மூடினார். என்னைக் கேட்க ஆளில்லை என்றான பிறகுதான் என் மனசாட்சிக்குத் தைரியம் வந்தது. வெட்கக்கேடு.

ஒரு பனியன் குடோன் வாசலில் செங்கோட்டையன் வாட்ச்மேனாக இருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே வந்த வேன் டிரைவரிடம் நோட்டை நீட்டி, "வண்டி நம்பரை நீங்களே எழுதிருங்க. நான் எழுதுனாத் தப்பாப் போயிரும்," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் நடந்ததைச் சொன்னேன்.

"மொத வருசம் பூரா எல்லார்த்துகிட்டயும் சண்டை போட்டேனுங்க," என்றார். "அப்புறம் எங்கூட்டுக்காரியே, ஒருவேளை கண்ணுதான் ஏமாத்திருச்சோன்னு கேட்டுப்போட்டா. அதுக்கப்புறம் நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். ஊட்டுல உலைக்கு அரிசிகூட அளந்து போட மாட்டேனுங்க." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. தப்பு என்னுதுங்க."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

இதையும் சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தேன்.

"போன வாரந்தானுங்க," என்றேன்.

செங்கோட்டையன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போன வாரம் தெரிஞ்சு இந்த வாரமே தேடி வந்துட்டீங்களே தம்பி. உங்களுக்கு நல்ல மனசுங்க."

டீ குடிக்காமல் போகக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். குடித்தேன்.