தாச்சி போலக் கழுவிய ரேடியேற்றர்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மடுத்தீன் என்று விசாரித்தால், "எந்த மடுத்தீன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். "கார் மடுத்தீன்" என்றால் போதும், ரூ பிலிப்-து-ஜிராரில் அவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுவார்கள். ஓர் உணவகத்தின் பின்கட்டில் பத்தொன்பது வருடமாகக் கோப்பை கழுவுகிறவர் என்பது அந்தப் பெயருக்குள் மறைந்துபோயிருந்தது. மறைந்ததில் அவருக்கு வருத்தமில்லை.

விமான நிலையத்தில் ஆளை ஏற்ற வேண்டுமா, வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா, விசா அலுவலுக்கு விடியமுன் பிரிபெக்சர் வாசலில் வரிசைக்கு நிற்க வேண்டுமா, அவருடைய தொலைபேசிதான் அடிக்கும். பிரெஞ்சு நாலு வசனத்துக்கு மேல் வராது. ஆனால் பாரிஸின் ஒருவழித் தெருக்கள் அத்தனையும் மனப்பாடம். சமையலறையில் இருப்பவர்களுக்கு அவருடைய முதுகைத்தான் தெரியும். காரில் ஏறியவர்களோ "அண்ணை, இனி எந்தப் பக்கம்?" என்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

கார் கருநீலம், இருபது வயது, ஏசி கிடையாது. இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் சண்டை முடிந்த வருடக் கடைசியில், அங்கிருந்து தப்பி வந்த ரோசாலியக்காவை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்ததும் அதே கார்தான். திரான்சியில் அக்காவின் மகள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது அக்கா இறங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஓடு தம்பி" என்றார். நகரத்தைச் சுற்றும் நெடுஞ்சாலையில் மடுத்தீன் இரண்டு வட்டம் அடித்தார். என்ன நடந்தது, யார் யார் மிஞ்சினார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாததாலா, கேட்கக் கூடாது என்று தெரிந்ததாலா என்பது அவருக்கே நிச்சயமில்லை. இறங்கும்போது அக்கா, "என்னை ஒருக்கா லூர்து மாதாவிட்டைக் கூட்டிக்கொண்டு போவியோ?" என்றார். "ஓம் அக்கா" என்றார் இவர்.

அந்த "ஓம்" ஐந்து வருடமாக நின்றது. முதலில் அக்காவின் விசாக் கடிதாசிகள் வரவில்லை. பிறகு இவருக்கு லீவு கிடைக்கவில்லை. போன வருடம் லூர்து மாதாவின் ஆவணித் திருநாளுக்குப் புறப்பட்டே விட்டார்கள். ஓர்லெயானைத் தாண்டியதும் எஞ்சின் கொதித்து, பொனற்றுக்குள்ளிருந்து ஆவி கிளம்பி, காரையும் ஆட்களையும் இழுவை லொறி கொண்டுவந்து சேர்த்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மடுத்தீனுக்குக் குத்தியது. இந்த வருடம் சித்திரையில் அக்காவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. இந்த ஆவணிக்கு ஒருமுறை போய் வரலாம், அதற்குப் பிறகு நெடும்பயணத்தை மறந்துவிட வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

மடுத்தீனின் மச்சான் சாந்தன் திரான்சியில் ஒரு கராஜில் மெக்கானிக். புறப்பட நாலு நாள் இருக்கையில் அவனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அத்தான், ரேடியேற்றர் முகம் அடைச்சுப்போய் இருக்கும். அதுக்கு முன்னாலை இருக்கிற கிறில்லைக் கழட்டிப் பாருங்கோ. இலை, பூச்சி, குப்பை எல்லாம் இருக்கும். துப்புரவாக்கினால் காணும், கொதிக்காது. ஆனால் தண்ணியை…"

"சரி சரி, கழுவுறதை எனக்குப் படிப்பிக்காதை" என்று மடுத்தீன் வைத்துவிட்டார்.

கிறில்லைக் கழற்றியதும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. மெத்தைபோல் ஒரு படலம். தெருவோர மரங்களின் பஞ்சு, புறா இறகு, காய்ந்த வண்ணத்துப்பூச்சிகள், பொலித்தீன் கிழிசல், ஏதோ கலியாண வீட்டு ஜரிகைத் துணுக்கு. இதற்குள்ளால் காற்றுப் போக வழியில்லை. மேலோட்டமானதைக் கையால் பிய்த்தெடுத்தார். உள்ளே ஒட்டியிருந்தது வரவில்லை. எபினேயில் கார் கழுவும் இடத்துக்கு ஓட்டிப்போய், அழுத்தத் தண்ணீர்க் குழாயை ரேடியேற்றரின் முகத்துக்கு நேரே பிடித்தார். அதுவும் போதவில்லை. வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை எடுத்தார்.

அரை மணி நேரம். அடிப்பிடித்த தாச்சிச் சட்டியை எப்படி உரசுவாரோ அப்படி. கடைசியில் ரேடியேற்றர் வெள்ளிபோல் பளபளத்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அழுக்கு ஒட்டவில்லை. திரும்பி வரும் வழியில் மனம் நிறைந்திருந்தது. சேன்-தெனி வரும்போது வெப்பமானியின் ஊசி நடுவைத் தாண்டியது. லாச்சப்பல் பாலத்தடியில் அது சிவப்பைத் தொட்டது.

அன்று மாலை சாந்தன் வந்து குனிந்து பார்த்தான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"அத்தான், இது தாச்சி இல்லை."

"பார், எவ்வளவு துப்புரவு."

"துப்புரவுதான். இஞ்சை பாருங்கோ. இந்தச் சின்னத் தகடுகளுக்கு இடையாலைதான் காத்துப் போகவேணும். கடதாசி மாதிரி மெல்லிசு. நீங்கள் அடிச்ச அடியிலை எல்லாம் சாய்ஞ்சு ஒண்டோடை ஒண்டு படுத்திட்டுது. முந்திக் குப்பை அடைச்சுது, இப்ப தகடே அடைக்குது. எஞ்சின் பக்கமிருந்து வெளியாலை மெல்லமாத் தண்ணி விட்டு, பிறஷ்ஷாலை தடவோணும். அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் போனை வைச்சிட்டியள்."

மடுத்தீனின் மனைவி மரியமலர் மேலே யன்னலிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பது வருசம் அந்தச் சமையலறையிலை ஒரு பீங்கான் உடைக்காத மனிசன். சொந்தக் காரை உடைச்சிட்டார்."

"புதுசு போடேலாதோ?" என்றார் மடுத்தீன்.

"ஆவணி மாசம் அத்தான், இஞ்சை எல்லாருக்கும் லீவு. சாமான் கடையெல்லாம் பூட்டு. திருநாள் முடிஞ்சுதான் வரும்." சாந்தன் கையைத் துடைத்தான். "என்ரை வான் இருக்கு. ஏழு சீற், ஏசி. நானும் போறனான்தானே. ரோசாலியக்காவை நான் ஏத்திறன்."

நியாயமான பேச்சு. அக்கா லூர்துக்குப் போவதுதான் காரியம் என்றால், அது நடந்துவிடும். பிறகு ஏன் மனம் ஒப்பவில்லை? அக்காவுக்காகவா உரசினேன், அல்லது கார் மடுத்தீன் என்ற பேருக்காகவா? அந்தக் கேள்வியை அவர் அதிக நேரம் வைத்திருக்கவில்லை. "தகடை நிமித்தேலாதோ?" என்று கேட்டார்.

"ஏலும். ஊசியாலை ஒவ்வொண்டா. ஆயிரக்கணக்கிலை இருக்கு. ஆரும் செய்யாயினம்."

உணவகம் ஆவணி முழுவதும் பூட்டு. மடுத்தீனிடம் இரண்டு பகல்கள் இருந்தன. ஊசி தகட்டைக் கிழித்தது. பல்குத்தும் குச்சிதான் சரிவந்தது. ஒரு பெட்டிக் குச்சியோடு தெருவோரத்தில் ஒரு கவிழ்த்த பழப்பெட்டிமேல் உட்கார்ந்தார். குச்சியைச் செருகி, அசைக்காமல், ஒரு மயிரளவு தூக்க வேண்டும். அழுத்தினால் முறியும், விட்டால் திரும்பச் சாயும். முதல் மணித்தியாலத்தில் ஒரு உள்ளங்கை அகலம்கூட ஆகவில்லை. கை அவர் சொல் கேட்கவில்லை, பழக்கத்தில் அழுத்தியது. ஒவ்வொரு தரமும் அதை நிறுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன அண்ணை, காருக்குப் பல்லுக் குத்துறியள்?" என்றார் மரக்கறிக் கடைக்காரர்.

"ஓம், இறைச்சி திண்டிட்டுது" என்றார் மடுத்தீன், தலை நிமிராமல்.

மத்தியானம் மரியமலர் சோறு கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டுத் தானும் குனிந்து ஒரு குச்சியை எடுத்தாள். அவளுக்குக் கை லேசு. இரண்டு வரியை அவள் நிமிர்த்திய நேரத்தில் அவர் ஒன்றைத்தான் முடித்தார்.

இரண்டாம் நாள் மாலை மூன்றில் இரண்டு பங்கு நிமிர்ந்திருந்தது. சாந்தன் சொன்னபடி எஞ்சின் பக்கமிருந்து வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினார். மிச்சக் குப்பை கரைந்து முன்னால் வடிந்தது. சேன்-தெனி வரை ஓட்டிப் பார்த்தார். வெப்பமானியின் ஊசி நடுவுக்குச் சற்று மேலே நின்றது. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

திருநாளுக்கு முந்தின நாள் காலை, திரான்சியில் அக்காவின் மகள் வீட்டு வாசலில் இரண்டு வாகனங்கள் நின்றன. சாந்தனின் வானில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ரோசாலியக்கா சிறிய பையோடு வெளியே வந்தார். மடுத்தீன் முன்னால் போய் நின்றார்.

"அக்கா, உள்ளதைச் சொல்லுறன். நான் பிழையாக் கழுவிப் பழுதாக்கிப்போட்டன். நிமித்தினது முக்கால்வாசியும் இல்லை. கொதிச்சாலும் கொதிக்கும். சாந்தன்ரை வான் நல்லது. நீங்கள் அதிலை போங்கோ. நான் பின்னாலை வாறன்."

அக்கா வானைப் பார்த்தார். சாந்தன் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

"சாந்தன் நல்ல பெடியன்" என்றார் அக்கா. "ஆனால் லூர்து வரைக்கும் கதைச்சுக்கொண்டே வருவான். உங்கடை மனிசனுக்கு என்ன நடந்தது, அங்கை எப்பிடி இருந்தது எண்டு கேப்பான். நல்ல மனசோடைதான் கேப்பான். எனக்குப் பதில் சொல்ல ஏலாது." பையை மடுத்தீனிடம் நீட்டினார். "உன்ரை காரிலை போவம். நிண்டு நிண்டு போவம்."

மரியமலர் பின்னால் ஏறி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாந்தன் ஆறு போத்தல் தண்ணீரை இவர்கள் காரில் ஏற்றிவிட்டு, "அத்தான், ஊசி ஏறினால் ஹீற்றரை முழுசாப் போடுங்கோ. எஞ்சின் வெக்கை உள்ளுக்கு வந்திடும், அது தப்பிடும்" என்றான்.

மணிக்குத் தொண்ணூறுக்கு மேல் மடுத்தீன் போகவில்லை. எல்லா வாகனமும் முந்திப் போயின. ஓர்லெயானுக்கு முன் இரண்டு தரம் நின்று ஆறவிட்டார்கள். ஓர்லெயானைத் தாண்டியதும் ஊசி மெல்ல எழும்பியது. மடுத்தீன் ஹீற்றரைக் கடைசி வரைக்கும் திருகினார். ஆவணி வெயிலில், நாலு யன்னலும் திறந்திருக்க, அடுப்பு வாய்போல் காற்று அடித்தது.

"மாதாவைக் காட்ட முந்தியே நெருப்பு எரியிற உத்தரிக்கிற ஸ்தலத்தைக் காட்டிறார்" என்றாள் மரியமலர், முந்தானையால் விசிறியபடி.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மடுத்தீன் கண்ணாடியில் பார்த்தார். ரோசாலியக்கா சிரித்துக்கொண்டிருந்தார். வியர்வை வழிய வழிய, தோள் குலுங்க.

ஊசி ஒரு நூல் இறங்கி நின்றது. போன வருடம் லொறிக்காகக் காத்திருந்த வளைவு வலப்பக்கத்தால் கடந்து போயிற்று.

"அக்கா, வெக்கை தாங்குதோ?"

"வெக்கைதான்" என்றார் அக்கா. "நீ றோட்டைப் பார்."